மூங்கில் கணுவில் வெள்ளை மாவு

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டு, எங்கள் தெருவுக்குப் பட்டா வந்த வருஷம் அது. மனையோடு கொல்லையில் நின்ற மூங்கில் குத்தும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பண்ணையின் காரியக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கூலித் தகராறு வேறு நடந்துகொண்டிருந்தது. "பட்டாவ வாங்கிட்டீங்க. குடியிருந்துருவீங்களா, பாக்குறேன்" என்று களத்துமேட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்கிற ஆள். நாங்களோ குடிசை எரிந்த செய்திகளைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பசு கன்று போட்டது. இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி சீக்கிரம் விழ மாட்டுக்கு மூங்கில் தழை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டிய கிளைகளை ஒடித்து நான்தான் போட்டேன். தழை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அங்கங்கே கரி பூசியதுபோல் கறுப்பு. மாடு தவிக்கிற நேரத்தில் அதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கொடி விழுந்துவிட்டது. மறுநாள் காலை சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி, பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீம்பாலைத் தன் வீட்டுக்குள் வைத்துத் தின்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது என் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மூங்கில் கணுவெல்லாம் வெள்ளையா மருந்து தூவிக் கெடக்கு. மாட்டுக்குத் தழை அதுலேருந்தா ஒடிச்ச?"

பண்ணை வயலில் பூச்சிக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரைத் துணியில் கட்டித் தூவியவர்கள் நாங்கள்தான். அது பட்ட புல்லைத் தின்ற ஆடு வாயில் நுரை தள்ளிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். மாடு போனால் போகட்டும். அந்தப் பாலைத் தின்ற பிள்ளைகள்? என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளைப் பிடித்து வாயைத் திறந்து முகர்ந்தேன். வெல்ல வாசனைதான் வந்தது. விஷத்துக்கு வாசனை உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

காரியக்காரர் மூங்கிலில் மருந்து தூவிவிட்டார் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டு உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைத்தார்கள். ஆண்கள் கம்பை எடுத்துக்கொண்டு காரியக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஒரு அடி விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் போலீஸ் லாரி வரும், அதன் பின்னால் என்னென்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் யாரும் யாரையும் தடுக்கவில்லை.

பாவி எவ்வளவுதான் தூவியிருக்கிறான் என்று பார்க்கக் கொல்லைக்கு ஓடினேன். வெள்ளை கணுவோரமாக மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. தரையில் ஒரு பொட்டு இல்லை. தூவியிருந்தால் தரையில் விழாதா? கணுவை மூடியிருந்த சருகை உரித்தேன். உள்ளே பஞ்சு மாதிரி அடை அடையாக அப்பியிருந்தது. மேலே எறும்புகள் சாரை சாரையாக ஓடிக்கொண்டிருந்தன. விஷமென்றால் முதலில் எறும்பல்லவா சாக வேண்டும்? குச்சியால் கிளறினேன். மாவு நகர்ந்தது. கால் முளைத்த மாவு. செம்பருத்தியில் அப்புகிற அதே மாவுப்பூச்சி. அது கழிகிற இனிப்புத்தான் இலையில் பிசுபிசுப்பு. அதில் படிந்த பூசணம்தான் கறுப்பு.

கிளையை ஒடித்துக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் மதகடியில் அவர்களைப் பிடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பூச்சியை நசுக்கிப் பார்த்துவிட்டுக் கம்பைத் தாழ்த்தினார்.

"பூச்சியையும் அவனுங்கதான் கொண்டாந்து விட்டுருப்பானுங்க" என்றார் ஒருவர்.

"பூச்சி வளத்து விடுற அளவுக்கெல்லாம் அவருக்குப் பொறுமை கெடையாது. வீட்டுக்கு வாங்க" என்றேன்.

கம்போடு போனவர்கள் அரிவாளோடு கொல்லைக்கு வந்தார்கள். பூச்சி அப்பிய கழிகளை அறுத்துக் கொல்லைக் கோடியில் போட்டுக் கொளுத்தினார்கள். மற்ற கழிகளில் சருகை உரித்து, சோப்புக் கரைசலில் துணியை நனைத்துக் கணுக்களைத் தேய்த்தோம். மாவுப்பூச்சியைச் சுமந்து பரப்புகிற எறும்பை விட்டுவைத்தால் அது திரும்ப வந்துவிடும் என்று புற்றை வெட்டி வெந்நீர் ஊற்றினேன்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, கண் செருகினால் போதும், உலுக்கி உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"பூச்சிதான், நானே கிளறிப் பாத்தேன்" என்றேன்.

"நீ சொல்ற. தப்பாப் போச்சுன்னா?"

நானும் என் மகளைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன்.

அப்போது அந்தப் பையன் நெளிந்து எழுந்து, "அம்மா, பசிக்குது" என்றான்.

பிள்ளை பசி என்று சொன்னால் பானையில் என்ன இருக்கிறதென்று பதறுகிற தெரு எங்களுடையது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுடா" என்றாள்.