வாசலில் நின்ற தண்டையல்

அன்புராசா என்று கேட்டால் கனடாவின் ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது. தண்டையல் அப்பா என்றால் மார்க்கம் ரோட்டுத் தமிழ்க் கடைக்காரர்கூட வெளியே வந்து வீட்டைக் காட்டுவார். பாய்க்கப்பலை நடத்துகிறவர்தான் தண்டையல். கப்பலில் அவர் சொல்லுக்கு மேலே இன்னொரு சொல் கிடையாது. ஆளுக்கு எண்பது ஆகப்போகிறது, கப்பலை விட்டு இறங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் றைவருக்குப் பக்கத்தில்தான் நிற்பார். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் கோபம் வரும். "ஓட்டுறவன் முழிச்சிருக்கிறானோ எண்டு ஆராவது பாக்கத்தானே வேணும்" என்பார்.

வடமராட்சிக் கரையில், மீசை முளைக்க முதலே பண்டாரியாகக் கப்பலேறியவர். பண்டாரி என்றால் பெரிய உத்தியோகமில்லை, ஆடுகிற கப்பலில் சோறு காய்ச்சவேண்டும், சோறு குழைந்தால் அடி வாங்கவேண்டும். பிறகு பாய் கட்டப் பழகி, சுக்கான் பிடிக்கப் பழகி, வெள்ளி பார்த்துத் திசை சொல்லப் பழகி, கொச்சியில் கூரை ஓடும் ரங்கூனில் அரிசியும் ஏற்றி இறக்கி, வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் விளக்கணைத்துக்கொண்டு கடல் கடந்து, கடைசியில் தண்டையலானார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான். அது அவருக்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதுதான் வீட்டிலிருப்பவர்களுக்குத் தொந்தரவு.

தண்டையலுக்கு அந்தத் துறையில் இன்னொரு வேலையும் இருந்தது. போன கப்பல் வராவிட்டால் பெண்கள் தாமாக அழமாட்டார்கள், தாலியைத் தொடமாட்டார்கள். துறையின் மூத்த தண்டையல் வரும்வரை காத்திருப்பார்கள். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, வீட்டுக்குள் கால் வைக்காமல் வாசலில் வந்து நிற்பார். வாய் திறக்கத் தேவையில்லை. அந்த வீட்டுப் பெண் அழுது முடித்து, அவளாக உள்ளே கூப்பிடும்வரை அவர் அசையவும் கூடாது.

அந்த வழக்கத்தால் அன்புராசாவின் வீட்டிலேயே ஒரு அநியாயம் நடந்தது. இளந்தாரியாக அவர் போன கப்பல் ஒருமுறை பாய்மரம் முறிந்து, ரங்கூனுக்கு வடக்கே அரக்கான் கரையில் ஒதுங்கியது. ஊரில் அப்போதிருந்த தண்டையல் அவசரப்பட்டுவிட்டார், தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மாதங்கள் கழித்து அன்புராசா உயிரோடு வந்து இறங்கியபோது தாய் இல்லை. செய்தி கேட்டுப் படுத்தவள் எழும்பவில்லை. பாழாய்ப்போன அவசரம், பெற்ற தாயைத் தின்றுவிட்டது. தான் தண்டையலான பிறகு, உடைந்த பலகையைக் கண்ணால் காணாமல் அவர் எந்த வாசலிலும் போய் நின்றதில்லை.

இனி மகன் நவரட்ணத்தின் கதை. தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையில், சண்டைக்குத் தப்பி, இந்தியாவுக்கு வள்ளமேறினான். அங்கிருந்து கனடாவுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. மனைவி அருள்மலர் முன்னமே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டாள். வள்ளம் வேதாரணியத்துக்குப் போய்ச் சேரவில்லை. யாரும் சுட்டதாகவும் தகவலில்லை, மூழ்கியதாகவும் தகவலில்லை. பிறகு மகள் கமலாம்பிகை தகப்பனைக் கனடாவுக்கு எடுப்பித்து, மிசிசாகாவில் வீடும் வாங்கினாள். கிழவர் அங்கே போகமாட்டேன் என்று ஒரே பிடியாய் நின்றார். மருமகள் தனிய இருக்கிறாள், அவளோடுதான் இருப்பேன் என்றார்.

மருமகள் இருந்தது ஸ்காபரோவில், ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில். சுவரெல்லாம் பூஞ்சணம். பாண் சுடும் தொழிற்சாலையில் நின்று களைத்து வந்து, படுத்தால் இருமல். இந்த நிலக்கீழ் அறையை விட்டு வெளிக்கிடு, இல்லாவிட்டால் நெஞ்சு பழுதாகிப்போகும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அருள்மலர் அசையவில்லை. நவரட்ணம் வெளிக்கிடும்போது அவனிடம் இருந்தது இந்த விலாசமும் இந்த ரெலிபோன் நம்பரும்தான். அவன் வந்து மணியை அடிக்க, வேறு யாரோ கதவைத் திறந்தால் என்ன செய்வான்?

கமலாம்பிகை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தகப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அண்ணா வரமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியும். கடல் தெரிஞ்ச நீங்கள் சொன்னால்தான் அவள் நம்புவாள். எங்கடை வீட்டிலை மேலை யன்னலோடை ஒரு அறை அவளுக்கெண்டு சும்மா கிடக்குது."

"நீ வள்ளம் உடைஞ்சதைக் கண்டனியோ?"

"இல்லை. ஆனா அவள் இருமிறதைக் கண்டனான்."

"அப்ப மருந்து வாங்கிக் குடு. தாலி அறுக்கிற கதை என்னட்டைக் கதையாதை."

வாயால் கத்தினாரே தவிர, அவருக்குத் தெரியும். அந்தக் கடல் அவருடைய கடல். கார்த்திகைக் காற்றில், ஆட்களை அடைத்து ஏற்றிய வள்ளம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் தாய் படுத்திருந்த வெறும் பாய் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ஆந்திராப் பக்கம் ஒதுங்கியிருப்பான், ஏதாவது சிறையில் மறியலில் கிடப்பான் என்று அருள்மலருக்குச் சொல்லிச் சொல்லி, சொல்லும்போதெல்லாம் தானும் கொஞ்சம் நம்பிக்கொள்வார். அவளும் தலையாட்டுவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு எத்தனை பனிக்காலம் கழித்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதம், மழையா பனியா என்று தெரியாமல் கொட்டிய ஒரு பின்னேரம், அவர் மீன் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது பஸ் தரிப்பில் காற்று அவருடைய கம்பளித் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. எங்கள் தண்டையல் காற்றைத் தூஷணத்தால் ஏசிவிட்டு, கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். பக்கவாட்டுக் கதவடிக்கு வந்து சட்டைப்பையைத் தடவினால் கதவுச் சாவி இல்லை. திறப்பைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தார். மீன் பையைக் கீழே வைத்தார். சேற்றுப்பனி ஊறிய சப்பாத்தோடு உள்ளே போனால் கம்பளம் நனையும், அருள்மலர் முணுமுணுப்பாள். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அதையும் கழற்றினார். தண்ணீர் வழிகிற மப்ளரைத் தலையிலிருந்து அவிழ்த்துப் பிழிந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு மணியை அடித்தார்.

வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த அருள்மலர் படியேறி வந்து கதவைத் திறந்தாள்.

'திறப்பை மேசையிலை விட்டிட்டன் பிள்ளை' என்று சொல்ல வாயெடுத்தார். அவளுடைய கண் அவருடைய வெறுந்தலையைப் பார்த்தது. கையிலிருந்த துணியைப் பார்த்தது. சீமெந்தில் நின்ற வெறுங்காலைப் பார்த்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவளுடைய பெரியம்மா வீட்டு வாசலில் இதே மனிதர் இப்படி வந்து நின்றதை அவள் கண்டிருக்கிறாள். கதவுநிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மாமா," என்றாள். "ஒருநாள் நீங்கள் இப்பிடி வந்து நிப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவருக்குத் தான் நின்ற கோலம் புரிந்தது. ஐயோ, திறப்பென்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். அவள் கீழே போய் மீனை வெட்டியிருப்பாள், ரெலிபோன் மணிக்குக் காதைக் கொடுத்தபடி இருமியிருப்பாள். இந்தப் பனிக்காலம் போக அடுத்த பனிக்காலமும் அப்படியே போயிருக்கும். சொல்லாமல் நின்றாலோ, பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கடலில் தள்ளியதாகிவிடும்.

அவர் தலையைக் குனிந்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "அவன் வரமாட்டான்."

அருள்மலர் படியில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பெரிதாக அழுதாள். அவர் உள்ளே கால் வைக்கவில்லை. பனித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது, கால் விறைத்தது, கிழவர் நின்றபடியே நின்றார். கடைசியில் அவளாகத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ளை வாங்கோ மாமா. கால் நீலமாப் போச்சுது."

கீழே கதிரையில் இருத்தி, வாளி ஒன்றில் இளஞ்சுடு தண்ணீர் கொண்டுவந்து அவருடைய காலை வைத்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். திறப்பு மேசையில் கிடந்தது. அதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை.

"முதலே தெரியுமோ மாமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் சொன்னால்தானே பிள்ளை அவன் சாவான்."

அவள் அவருடைய மற்றக் காலையும் தேய்த்து முடித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கமலாம்பிகை மச்சாளுக்கு ரெலிபோன் அடியுங்கோ. வந்து ஏத்தச் சொல்லுங்கோ, நான் வாறன்" என்றாள்.

ரெலிபோனைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. எத்தனையோ வீட்டு வாசலில் கண் கலங்காமல் நின்ற மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

"உனக்கு வந்து சொல்ல நான் இருந்தன் பிள்ளை," என்றார். "எனக்கு வந்து சொல்ல ஆர் இருக்கினம்?"

அருள்மலர் வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள். அவருடைய காலை மடியில் தூக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.