பாதைப் படகில் நேர்முகத் தேர்வு

இன்று நான்கு மணிக்கு அமெரிக்காவிலிருந்து பேராசிரியர் அழைப்பதாக ஏற்பாடு. இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு. அம்மா மின்விசிறியை நிறுத்தியதோடு பக்கத்து வீட்டு றேடியோவையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மூன்றரைக்கே கைபேசி அடித்தது. இலங்கையில் அண்மையில் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் தள்ளியது பேராசிரியருக்குத் தெரியாது. நான்கு மணிக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று நான் அப்போது கிண்ணியாவிலிருந்து திரும்பும் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் படகில், நடுத் தண்ணீரில் நின்றேன்.

“அது என்ன சத்தம்?” என்றார்.

“படகின் டீசல் எஞ்சின், சேர். மன்னிக்க வேண்டும்.”

அவர் அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். “ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

கரும்புகை வந்துகொண்டிருந்தது. “எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது” என்றேன்.

படகோட்டும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுகிறவர், திரும்பிப் பார்த்தார். “ஆரு தங்கச்சி கதைக்கிற?”

“அமெரிக்காவில ஒரு பேராசிரியர், நானா. உங்கட எஞ்சினில இன்ஜெக்டர் ஒழுகுதோ?”

“ஓம். போன மாசமே கந்தோருக்கு எழுதிக் குடுத்திட்டன். புதுசு இன்னும் வரல்ல.”

அலுவலகத்துக்கு எழுதியும் புது இன்ஜெக்டர் வரவில்லை என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். இடம் எனக்குத்தான் என்றார்.

படகிலிருந்த எல்லோருக்கும் நானாதான் அறிவித்தார். “நம்மட எஞ்சினாலதான் இந்தப் புள்ளைக்கு இடம் கிடைச்சிருக்கு.”

ஆகவே, கொழும்பிலிருந்து வருகிற யாராவது ஓர் இன்ஜெக்டர் கொண்டுவருவீர்களா? போர்க்காலம் என்பதால், வழியிலுள்ள ஒவ்வொரு இராணுவச் சோதனைச் சாவடியிலும் அது என்னவென்று விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். அந்த நேர்முகத் தேர்வு என்னுடையதைவிடக் கடினம்.