மூன்றை அமுக்கினால் கருடன்

கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தால் புது ரெக்ஸின் பையைத் திறந்தாற்போல் ஒரு வாசனை வரும். பெரிய காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை மாடியிலிருந்த பயிற்சி நிலையத்தில், செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதை முகர எனக்கு அனுமதி இருந்தது. மற்ற ஆறு நாளும் நோட்டில்தான் புரோகிராம் எழுதுவேன். நோட்டில் அவை ஒருநாளும் தப்பாக ஓடியதில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த கோடை அது. வைகாசி உற்சவத்தில் கருட சேவையன்று பெருமாள் எங்கள் வீதி வழியாகப் போவார். அன்று வீதியோரம் ஒரு "சிஸ்டத்தை" வைத்து விளம்பரம் செய்ய நிலையத்து மாஸ்டர் நினைத்தார்: உற்சவத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணை அமுக்கினால், அன்றைய வாகனத்தை அது சொல்லவேண்டும். ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்ததைச் சொல்ல ஓர் இயந்திரம். அதற்குப் புரோகிராம் எழுத நான். பள்ளிக்கூட எழுத்தரான அப்பா, "சனங்க முன்னாடி ஓடுச்சுன்னா மேல படி. இல்லன்னா டைப்ரைட்டிங்ல சேர்ந்துடு" என்றுவிட்டார்.

பத்துக்கு மேல் எண் கொடுத்தால் உற்சவம் முடிந்தது என்று "இஃப்" ஒழுங்காகச் சொன்னது. "லூப்" சலிக்காமல் அடுத்த எண்ணைக் கேட்டது. ஒவ்வொரு நாளையும் ஒரு "கேஸ்" எனப் பிரித்து, அமுக்கிய எண்ணுக்குரிய வாகனத்தை மட்டும் காட்டவேண்டிய "ஸ்விட்ச்"தான் என் பிராணனை வாங்கியது. மூன்றை அமுக்கினால் கருடனோடு நிற்காமல் சேஷன், யானை, தேர், குதிரை என்று பத்தாம் நாள்வரை அத்தனையும் திரையில் இறங்கின. மூன்று வாரம், மூன்று மணி நேரம், அதே ஊர்வலம். மாஸ்டரைக் கேட்டால், "லாஜிக்க பாருப்பா" என்பார். அவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி எண்ணான பத்து மட்டும் சரியாக வந்தது. ஆகவே கருட சேவையன்று காலை, வந்தவர்களையெல்லாம் பத்தை அமுக்கச் சொன்னேன். பூக்காரம்மா ஒருவர் கேட்காமல் மூன்றை அமுக்கிவிட்டார்.

"ஏம்பா, எல்லாத்தையும் ஒண்ணா இட்டுக்கினு வந்தா வீதி தாங்குமா?"

கூட்டம் சிரித்தது. நிலையத்தில் என்னோடு படித்த வசந்தா என் நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"ஒவ்வொரு கேஸுக்கும் கீழ பிரேக் எங்கடா?"

"அத போட்டா புரோகிராமே நின்னுடும்னு எடுத்துட்டேன்."

"மக்கு! ஸ்விட்ச விட்டு வெளிய வரத்துக்குத்தான் அது. இல்லன்னா கீழ இருக்கறதெல்லாம் வந்துக்கினே இருக்கும்."

மேளச் சத்தம் நெருங்கியது. பத்து "பிரேக்" அடித்தேன். சாமிக்கு முன்னால் வந்த கூட்டத்திலிருந்து அப்பா விலகி வந்து, "எங்க, மூண அமுக்கு" என்றார். அமுக்கினேன். திரை இருண்டது.

குடை மின்கம்பியில் பட்டுவிடாமல் இருக்க, சாமி வரும்போது வீதியில் கரண்டை நிறுத்துவார்கள். வருஷா வருஷம் நிறுத்துவார்கள். மாஸ்டருக்குத் தெரியும், வசந்தாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். "திங்கக்கிழமை டைப்ரைட்டிங்" என்றார்.

"கரண்டு இருந்திருந்தா ஓடியிருக்கும்பா."

"எல்லாரும் அதத்தான் சொல்வாங்க."

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். நான் ஹையர் பாஸ் செய்த தட்டச்சுப் பள்ளியும் போய்விட்டது. என் மகள் அதே பாடத்தை லேப்டாப்பில் படிக்கிறாள். பிரேக்கை விட்டால் அதுவே மஞ்சள் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து திட்டும் பாக்கியம் அவளுக்கு இல்லை. போன மாதம் அவள் இல்லாத நேரத்தில் அந்தப் புரோகிராமை எழுதி, மூன்றை அமுக்கினேன். கருடன் மட்டும் வந்தது. வாசல் பக்கம் திரும்பி, "அப்பா, இங்க பாருங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது.