காப்பு கட்டிய வாரத்தில் வண்டி எண்ணியவன்

ரோட்டோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணுவதற்கும் சம்பளம் உண்டு. ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கிடைக்காது என்பதால் எனக்கு எப்போதும் வேலை உண்டு. பகலில் தூங்கத் தெரியாத என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் ஊரப்பாக்கத்தில் காலையில் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடும்போது நான் கண் எரிய எதிர்ப்பக்கம் நடந்து வருவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கணக்கெடுப்பு பற்றிய இங்கிலீஷ் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். எந்த ரோட்டை அகலமாக்குவது, எங்கே சிக்னல் வைப்பது என்பதையெல்லாம் இப்படி எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எதை எண்ணுவது

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான புதிது. முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்து முனையில் என்னை உட்கார வைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் விடிகாலையில் மீன்கூடையோடு ரோட்டைத் தாண்டினால்தான் பட்டணம் போகிற பஸ்ஸைப் பிடிக்க முடியும். ரோடு வழவழவென்று ஆனதிலிருந்து கார்கள் பறந்தன. கன்னியம்மா என்ற மீன்காரம்மாவை ஒரு கார் தட்டிவிட்டுப் போனதில் காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். வேகத்தடை வேண்டும் என்று ஊர் கேட்டது. எண்ணிப் பார்ப்போம், தேவை என்று தெரிந்தால் போடுவோம் என்றது ஆபீஸ்.

இதையெல்லாம் எதிர் டீக்கடை காசிம் பாயிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அடிபட்டவங்கள எண்ணினா சுருக்க முடிஞ்சிடுமே, அண்ணாத்த?"

இதர

கார், லாரி, பஸ், சைக்கிள், மாட்டுவண்டி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. எதிலும் சேராதது 'இதர'. ஒரு சாயங்காலம் நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கல்யாண ஊர்வலம் ஒன்று வந்தது. முன்னால் குதிரை. குதிரைக்குக் கட்டம் இல்லை. கையேட்டிலும் குதிரை இல்லை. பாய் கடை ஒரு ரூபாய் போனிலிருந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "மேல மாப்பிள்ளை இருந்தா பயணிகள் வாகனம்யா, இல்லாட்டி இதர."

சுத்தமான பூஜ்யம்

ரோட்டைக் கடக்கும் ஆட்களையும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் விடிகாலையில் ஒரு கூடைகூட ரோட்டைத் தாண்டவில்லை. குப்பத்துக்குள் பம்பைச் சத்தம் மட்டும் கேட்டது. பார்த்ததைத்தானே எழுத முடியும்? எழுதினேன்.

வழக்கமாக நாங்கள் எண்ணிக் கொடுத்தது எங்கே போகிறது என்று எங்களுக்கே தெரியாது. இந்தத் தடவை வந்த இன்ஜினியர் அம்மா வேறு மாதிரி. முடிவெடுப்பதற்கு முன்னாலேயே கணக்கைத் தமிழில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினார். பிறகு ஊரைச் சமுதாயக் கூடத்தில் கூட்டி, "தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று உரக்கப் படித்தார். ரோட்டைக் கடப்பவர் யாருமில்லை, வேகத்தடை தேவைப்படாது என்ற இடம் வந்ததும் கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. கன்னியம்மா மட்டும் சிரிக்காமல் கோலை ஊன்றி எழுந்தார்.

"அம்மனுக்குக் காப்பு கட்டிக்கீற வாரத்துல எவன்மா கடலுக்குப் போவான்? மீனே இல்லாம ரோட்ட தாண்டிப் போயி இன்னாத்த விப்போம், காத்தயா?"

பொய்க்கோடு

இன்ஜினியர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வாரம் எண்ணலாம் என்று ஊரையே கேட்டார். யார் எண்ணுவது என்றும் கேட்டார். அதன்படி திருவிழா முடிந்து, வலை நிறைய மீன் வரும் நாட்களில் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை என் பக்கத்தில் முறை வைத்துக்கொண்டு குப்பத்து ஆட்களும் இருந்தார்கள். காசிம் பாய் தன் சுவரைக் கொடுத்தார். ஒரு ஆள் தாண்டினால் ஒரு கரிக்கோடு. கோயிலெதிரே தாண்டுகிறவர்களுக்கு ஒரு வரிசை, ஐஸ் கடையெதிரே தாண்டுகிறவர்களுக்கு ஒரு வரிசை. டீ குடிக்க வருகிறவர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

மூன்றாம் நாளே கோயில் வரிசை திடீரென்று நீண்டுவிட்டது. கன்னியம்மாவின் தம்பி வேலை. அக்கா வீடு கோயிலை ஒட்டியே இருக்கிறது. வேகத்தடை அங்கே வந்தால் அவள் கால் பிழைக்கும் என்று கை நிறையக் கரி பூசி இழுத்திருக்கிறான். அவனைச் சத்தம் போட எனக்கு மனசு வரவில்லை. கன்னியம்மா வந்து பார்த்தார். முந்தானையை நனைத்துத் தானே துடைத்தார்.

"டேய், ஒரு பொய்க்கோடு மாட்டினா போதும், நம்ம நெசக்கோட்டையும் சேத்துத் துடைச்சிடுவானுங்க."

யாரைத் திட்டுவது

வேகத்தடை வந்தது. ஆனால் ஐஸ் கடையெதிரே. பெண்கள் அங்கேதான் மீனுக்கு ஐஸ் வைத்து, அப்படியே ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று சுவர் சொல்லிவிட்டது. அதுவரை ஊர் முழுக்கக் கோயிலெதிரே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, ஐஸ் கடையை நோக்கிக் கன்னியம்மா கோலோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். கூடை தம்பி தலையில். எனக்குச் சங்கடமாகிவிட்டது. உங்களுக்குத் தூரமாகிவிட்டதே அம்மா என்றேன்.

நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். வேகத்தடையில் ஒரு கார் குலுங்கி நின்று, கூடைக்காரிகள் தாண்டும்வரை காத்திருந்தது.

"தூரந்தான் அண்ணாத்த. ஆபீசுக்காரன் வச்சிருந்தா வாயார திட்டிகினு நடப்பேன். எண்ணினது நாமளா பூட்டோம், இப்ப யாரத் திட்றது?"

பகலில் தூக்கம் வராவிட்டால் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள் என்கிறார் டாக்டர். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்காமல் எதையும் எண்ணுவதில்லை என்று நான் முடிவு செய்து ரொம்ப நாளாகிறது.