கடித்து வைத்த ரொட்டி

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. பெருநாள் விடுமுறைக்கு என் கணவரோடு தாஷ்கந்து போனேன். தனியாகத் திரும்பி வந்தேன். இதில் ஒரு வார்த்தை கூட நான் கட்டியது இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்... இது நடந்தது பட்டப்பகலில்.

என் பெயர் நசிபா. ஊர் உஸ்பெகிஸ்தானில் கோக்கந்து. கணவர் எல்யோருக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. ஒன்பது வருடமாக இதே கதைதான். வருடத்தில் பத்து மாதம் அங்கே, மிச்சம் இருந்தால் எனக்கு. "ஒரே ஒரு தடவை தாஷ்கந்தைச் சுத்திக் காட்டுங்க" என்று நச்சரித்து நச்சரித்து, இந்த நோன்புப் பெருநாளுக்குத்தான் சம்மதித்தார். மூன்று நாள் சுற்றுவது, சாப்பிடுவது. திங்கட்கிழமை அவர் அங்கிருந்தே விமானம் ஏறுவது. மூன்றே மூன்று நாள் என் புருஷன் எனக்கு மட்டும் புருஷனாக இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கிளம்பும்போது வழக்கப்படி ஒரு முழு ரொட்டியை அவரிடம் நீட்டினேன். தூரதேசம் போகிறவர் அதில் ஒரு வாய் கடித்து வைப்பார். மீதியை ஆணியில் மாட்டி வைப்போம். அவர் திரும்பி வந்து தின்று முடிக்கும் வரை வேறு யாரும் தொடக்கூடாது. எல்யோருக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் கிடையாது, சாரத்திலிருந்து விழுந்ததில் போனது. அதனால் அவர் கடித்த இடத்தில் நடுவே ரொட்டி ஒரு சின்ன முனையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். நான்தான் ஆணியில் மாட்டினேன்.

தாஷ்கந்தில் வீடு பிடித்ததும் நான்தான். சிலான்சார் பகுதியில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். டாக்சி அந்தத் தெருவில் திரும்பியதுமே அவர் முகம் வெளிறிவிட்டது.

"இங்கயா?"

"ஏன், தெரிஞ்ச இடமா?"

"எனக்கென்ன தெரியும்? ஓட்டலுக்குப் போயிடலாம் வா."

"பெருநாளும் அதுவுமா உங்களுக்காக எவன் அறையைக் காலியா வச்சிருக்கான்? பேசாம இறங்குங்க."

கீழ்வீட்டு சபோகத் அக்கா சாவியைக் கொடுத்தார். "சமையலறை ஆணியில ஒரு ரொட்டி தொங்கும்மா. அதை மட்டும் தொட்டுடாத. என் தங்கச்சி மாட்டினது." எல்யோர் படியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டிய கயிற்றையே திரும்பக் கட்டினார்.

நகரத்தில் அவருக்கு ரயில் நிலையமும் விமான நிலையமும் தவிர ஒன்றும் தெரியாது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் சோர்சு சந்தைக்கு எந்த ரயில், எந்த வாசல் என்று யாரையும் கேட்கவில்லை. நேராகக் கறி சம்சா சுடும் ஒரு கடைக்கு நடந்தார், பழகிய மாடு கொட்டகைக்குப் போவது போல. தந்தூரிலிருந்து சம்சாவை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அடேடே, எல்யோர் தம்பி! எங்கப்பா ஆளையே காணோம்? வீட்ல..." என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஆள் மாறிப்போச்சு அண்ணே" என்றார் இவர்.

ஆள் மாறலாம். பெயருமா அப்படியே பொருந்தும்? சம்சா நல்ல ருசி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பாதியை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் மூன்று நாளும் போய்விடும் என்று பயம்.

மறுநாள் சனிக்கிழமை. டி.வி. கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்த்தோம். பக்கத்திலேயே புலாவ், மேலே குதிரைக்கறி வைத்து, இரண்டு தட்டு. வயிறு நிறைந்து வீட்டுக்கு வந்து படுத்தோம். வெளியே நல்ல வெயில். பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம்.

மணி இரண்டு நாற்பது. சமையலறையில் ஒரு சத்தம்.

தேநீர் ஊற்றும் சத்தம்... நின்றது. கிண்ணத்திலிருந்து மறுபடி கெட்டிலில் திருப்பும் சத்தம்... நின்றது. மூன்று தடவை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஊற்றித் திருப்பிவிட்டுப் பரிமாறுவோம்.

எல்யோர் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போனேன். யாரும் இல்லை. மேசையில் இரண்டு கிண்ணம், ஆவி பறக்க. ஒன்றில் ஒரே ஒரு வாய் தேநீர். இன்னொன்றில் விளிம்பு வரை.

எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். கொஞ்சமாக ஊற்றினால், இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால்... குடித்துவிட்டுக் கிளம்பு.

தலையைத் தூக்கினேன். ஆணியில் ரொட்டி. கல்லாகக் காய்ந்து, தூசி படிந்து. ஒரு வாய் கடித்த தடம். அதன் நடுவில்... ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டு நின்றது.

எனக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

"யார் அவ?" என்றேன்.

வாசலில் வந்து நின்றவர் ரொட்டியைப் பார்க்கவே இல்லை. "பல்லுப் போனவன் ஊர்ல நான் ஒருத்தன்தானா? தேநீரையும் நீதான் ஊத்தி வச்சிருப்ப. என்னை வேவு பாக்கத்தான இந்த வீட்டைப் பிடிச்ச?"

ஒன்பது வருடம் காத்திருந்தவளைப் பார்த்துச் சொன்னார் இதை. அறைக்குப் போய் என் துணிகளைப் பையில் திணித்தேன். அழுதேன். அழுகைக்கு நடுவில் அது கேட்டது.

கரக்... கரக்... கரக்...

ஓடு கடிப்பது போல.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

எல்யோர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆணி காலி. ரொட்டி அவர் கையில். கடித்துக்கொண்டிருந்தார். ஈறு கிழிந்து முகவாயெல்லாம் ரத்தம். நிறுத்தவில்லை.

"என்னங்க..."

திரும்பவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"அதான் வந்துட்டேன்ல... அழாத."

அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

நாற்காலி நகர்ந்தது. அவர் பக்கமாக.

பிறகு அந்தக் கிண்ணம்... விளிம்பு வரை நிறைந்திருந்தது... மேசையில் தானாக ஊர்ந்தது. என் பக்கமாக. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஓடினேன்.

அன்று சாயங்கால ரயிலில் ஒரு இடம் கிடைத்தது. அவர் பின்னால் வரவில்லை. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியாரிடம், அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டார்கள், முன்னாடியே விமானம் ஏறிவிட்டார் என்று பொய் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சபோகத் அக்கா கூப்பிட்டார்.

"என்னம்மா, சாவியைத் தராம போயிட்டீங்க? கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. ஆள வச்சு உடைச்சோம். உன் புருஷன் ஷூ இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. ஆள்தான் இல்ல."

"ஆணியில இருந்த ரொட்டி?"

"அதையும் காணோம். தொடாதன்னு அவ்வளவு சொன்னேனே!" அழுதுவிட்டார். "என் தங்கச்சி சுரய்யோ புருஷன் கடிச்சு வச்சதும்மா அது. நிக்காஹ் ஆகி நாலே மாசம். வசந்தத்துக்கு வந்துடுறேன்னு ரஷ்யாவுக்குப் போனான். நாலு வருஷம் அவனுக்கு தேநீர் ஊத்தி வச்சே போன குளிர்காலத்துல அந்த மேசையிலயே செத்துக் கிடந்தா. நான் அதுக்கப்புறம்தான் சமர்கந்துல இருந்து இங்க வந்தேன். அவனை நான் கண்ணால பார்த்ததில்ல. பேர் மட்டும் தெரியும். எல்யோர்."

போனைக் காதில் வைத்தபடியே எங்கள் சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"மேசையில ரெண்டு கிண்ணம் இருந்துச்சு" என்றார். "ரெண்டுலயும் ஒரு வாய்தான். இன்னும் சூடா இருந்துச்சும்மா."

போனை வைத்தேன். நேராகச் சமையலறைக்குப் போனேன். என் வீட்டு ஆணியில் அவர் கடித்து வைத்த ரொட்டியைக் கோழிக்குப் போட்டுவிடலாம் என்று இறக்கினேன். இனி யாருக்காக அது?

கையில் வைத்துத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரொட்டி முழுசாக இருந்தது. எந்தப் பக்கத்திலும் ஒரு பல் பட்ட தடம் இல்லை. இந்த வீட்டிலிருந்து யாரும் கிளம்பிப் போகவே இல்லை என்பது போல.