மச்சான் போட்ட இழுவைக் கதவு

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்த இரண்டாம் வருடம்தான் அறைக்கதவை இடிப்பதென்று முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரியில் தந்த சில்லுக் கதிரை அந்தக் கதவு நிலைக்குள்ளால் போகாது. இரண்டு விரல் அகலம் காணாமல் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் அவரை இறக்கிக் கட்டில் விளிம்பில் இருத்தி, கதிரையை மடித்து வெளியே கொண்டுபோய் விரித்து, திரும்ப வந்து அவரைத் தாங்கிக் கொண்டுபோக வேண்டும். கடலில் வலை இழுத்த உடம்பு அது. நோய் வந்தும் பாரம் குறையவில்லை. நிமிர முடியாமல் எனக்கு நாரி பிடித்துக்கொண்டது.

பேசாலையில் எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, அறை சின்னது. நிலையை அகலமாக்கி வழமையான கதவு போட்டால் திறக்கும்போது கட்டிலில் முட்டும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அறைந்தே உடைந்துவிடும். தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு வவுனியாவில் இருக்கும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். வெள்ளைக்காரர் வீடு ஒன்றில் கதவு மேலே ஓர் இரும்பில் தொங்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் ஓடியது. அந்த நாட்டில் மாட்டுக்கொட்டிலுக்குப் போடுகிற கதவாம்.

"திறக்க இடமே தேவையில்லையம்மா. பக்கத்தில சுவர் இருந்தாக் காணும்" என்றாள்.

அந்த வீடியோவை என் கணவரின் தம்பியும் பார்த்தார். "கூலி வேணாம் அண்ணி. நானே பண்ணிக் குடுத்துடறேன்" என்றார்.

அவர் பதினாறு வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். முப்பது வருடத்துக்கு மேல் அகதி முகாமில் இருந்து, அங்கேயே கலியாணமும் கட்டி, ஆறு மாதத்துக்கு முன்தான் மனைவியோடும் மகளோடும் திரும்பி வந்திருந்தார். பாப்பாமோட்டையில் மனைவியின் சொந்தக்காரர் வளவில் ஓர் அறையில் இருந்தார்கள். முகாமில் இருந்தபோது வெல்டிங் வேலை செய்தவராம். இங்கே அண்ணன் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை அண்ணி என்பார். அந்தச் சொல்லே எனக்கு வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் நிற்பதுபோல இருக்கும்.

கூலி வேண்டாம் என்றது அதைவிடப் பிடிக்கவில்லை. எங்கள் வீடு நிற்கிற காணி மாமாவின், என் கணவருடைய தகப்பனின், காணி. மாமா கண்ணை மூடிப் பல வருடம். காணி உறுதிப் பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. மாமாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் கதிரையில் இருந்தார். மற்றவர் கூலி வேண்டாம் என்று என் முன்னால் நின்றார்.

ஆனாலும் கதவு தேவையாக இருந்தது. ஓம் என்றேன்.

சாமான் வாங்க மன்னாருக்கு அவரைத் தனியே விடாமல் நானும் போனேன். பழைய இரும்புக் கடையில் அவர் கேற்றுச் சில்லுகளைக் குவியலாகக் கொட்டி, ஒவ்வொன்றாய் விரலில் கோத்துச் சுழற்றிக் காதருகே பிடித்தார். "இது அரைக்குது. இது நல்லாருக்கு." இரண்டு சில்லு, ஓடுவதற்கு ஒரு நீளப் பட்டை இரும்பு. பலகைக்கு மாபிள் கடையின் பின்பக்கம் எறிந்து கிடந்த, மாபிள் அடுக்கி வந்த மரச் சட்டங்களைக் கேட்டு வாங்கினார். கடைக்காரரும் அவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தனக்கும் சேர்த்துத்தான் எதையோ பேசி முடிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து சட்டங்களை எண்ணினேன். எல்லாம் இருந்தது.

நான் காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போவேன். பத்தரைக்குப் பிறகுதான் வீடு வருவேன். அதுவரை வீட்டில் என் கணவரும் மச்சானும் மட்டும்தான். என் கணவருக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரேயொரு சொல், ஓம். சோறு வேணுமா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். கண்ணைப் பார்த்துத்தான் எந்த ஓம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். மச்சானுக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாததுபோல இருப்பாரா என்பதுதான் என் பயம்.

இரண்டாம் நாள் உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து, பொலித்தீனில் சுற்றி, என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடக் குசினியில் பருப்பு வேகும்போதும் பை என் கண்ணுக்கு முன்னால்தான் தொங்கும்.

வேலை என்னவோ துப்புரவாக நடந்தது. நிலையைக் கழற்றினார். லிண்டல் வீடு முழுக்கச் சுற்றி ஓடுகிறது, சுவரை வெட்டினாலும் மேலே ஒன்றும் ஆகாது என்று தட்டிக் காட்டினார். கிரைண்டரால் கோடு கிழித்துக் கல்லைக் கழற்றினார். ஆனால் வேலைக்குத் தேவையில்லாத காரியங்களும் நடந்தன. ஒருநாள் நான் வரும்போது முற்றத்தில் நின்று போனில் வீட்டை முன்பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு இலக்கத்தைக் கிட்டப் போய் இன்னொரு படம்.

"ஏன் மச்சான் இலக்கத்தைப் படமெடுக்கிறியள்?"

"சும்மாதான் அண்ணி."

அடுத்த நாள் கிணற்றடியில் கைகழுவியபடி, "இந்த வேலி அப்பா காலத்துல இங்கதான் இருந்திச்சா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன். தெரியும்.

ஆறாம் நாள் தலையிடி என்று பொய் சொல்லி எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். சுவரில் பட்டை இரும்பு பூட்டியாயிற்று. கதவு பாதி அடித்தபடி நிலத்தில் கிடந்தது. மச்சான் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, என் கணவரின் இடக்கையில் பேனையைப் பிடித்து வைத்திருந்தார். மடியில் ஒரு கடதாசி.

பாய்ந்து பறித்தேன். டைப் அடித்த கடிதம். கணவரின் பெயர் சொல்லி, தன் சொந்தத் தம்பி இந்த விலாசத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று உறுதிப்படுத்துவதாக எழுதியிருந்தது. பிறந்து வளர்ந்தவர். காணியில் பங்கு கேட்க அந்த இரண்டு சொல்லே காணும்.

"உதுக்குத்தானே கூலி வேணாமெண்டனியள்?"

அவர் எழும்பவில்லை. "ஐடி கார்டுக்கு அண்ணி. எங்கிட்ட ஒரு பேப்பரும் இல்ல. பிறந்த இடத்தைத் தெரிஞ்ச சொந்தக்காரர் எழுதித் தரணுமாம். கார்டு இல்லாம எனக்கு எவனும் நிரந்தர வேலை தரமாட்டேங்கிறான்."

"அப்ப என்னட்டயல்லோ கேக்கோணும். பேசேலாத மனுசன்ர கையையேன் பிடிச்சனியள்?"

"அண்ணாட்ட கேட்டேன். ஓம்னார்."

"அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார்!"

கத்திவிட்டேன். என் கணவர் என்னையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது எந்தப் பக்கத்துக்கான கண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை. மச்சான் கிரைண்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் அவர் வரவில்லை. அறைவாசலில் சேலை ஒன்றைக் கட்டிவிட்டேன். காற்று அதைப் பாய்போல ஊதிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கட்டிலைக் காட்டியது. என் கணவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். நான்காம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஊர் அலுவல்களுக்குப் பொறுப்பான விதானையாரின் கந்தோருக்குப் போனேன்.

விதானையார் வாசித்துவிட்டு, "இது ஆளை அடையாளம் காட்டுறதுக்கு. காணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார்.

"நாளைக்கு உதைக் காட்டிக் காணி கேட்டால்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காணி கேக்கிறதுக்கு அவருக்கு இந்தக் கடிதமே தேவையில்லையம்மா. தகப்பன்ர பெயரில உள்ள காணி. அவருக்கும் பங்கு இருக்குத்தானே."

வெளியே வந்து பஸ்தரிப்பில் இருந்தேன். இத்தனை நாளும் அவர் என்ன பறிக்கப் பார்க்கிறார் என்றுதான் யோசித்தேன். அது பாதி அவருடையது என்பது ஒருதரம்கூட மனதில் வரவில்லை. வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, பாலம் தாண்டிப் பாப்பாமோட்டைப் பக்கம் போகிறதில் ஏறினேன்.

மச்சான் வீட்டில் இல்லை. அவர் மனைவி வாசலில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, உள்ளே வரச் சொல்லாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் என் கைப்பைக்குப் போனது.

"எதுலயாவது கையெழுத்து வாங்க வந்தீங்களா அக்கா?"

"என்ன கையெழுத்து?"

"பங்கு வேணாம்னு. ஆறு நாள் கூலியில்லாம வேலை வாங்கினீங்க. பாசமா வச்சிருந்து, கடைசில எழுதி வாங்கிடுவீங்கன்னு அவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். அவர்தான் கேக்கல."

இவளும் அங்கே நான் செய்ததையே செய்திருக்கிறாள். அவர் வீடு திரும்பும் நேரமெல்லாம் என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று துருவியிருப்பாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கடிதத்தை எடுத்து நீட்டினேன். என் கணவரின் இடக்கைப் பெருவிரல் அடையாளமும், கீழே சாட்சியாக என் கையெழுத்தும் அதில் இருந்தன. அன்று காலை அவர் கண்ணைப் பார்த்து மூன்று தரம் கேட்டுத்தான் வைத்தேன். விதானையார் என்ன சொல்லுவாரோ தெரியாது, பிழையென்றால் கிழித்துவிடலாம் என்றுதான் கையோடு கொண்டுபோனது.

அவள் அதை வாசித்தாள். பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

மச்சான் மறுநாளே வந்தார். இந்தத் தடவை மனைவியும் வந்தாள், உதவிக்கா காவலுக்கா என்று நான் கேட்கவில்லை. பலகைகள் ஒரே நிறமில்லை. ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்றில் ஏதோ சீன எழுத்து. அவள் அரத்தாளால் தேய்த்தாள், நான் வார்னிஷ் பூசினேன். சில்லு இரண்டையும் இரும்புத் தகட்டில் பூட்டிக் கதவைத் தூக்கித் தொங்கவிட்டபோது, இரண்டு பக்கமும் ஓடி விழாமல் முனையில் கட்டை வைத்தார். காற்றுக்கு ஆடாமல் நிலத்திலும் ஒரு பிடி. கைப்பிடிக்கு நைலோன் கயிறு. அதை எந்த உயரத்தில் கட்டுவதென்று அண்ணனைக் கதிரையோடு கொண்டுவந்து நிறுத்தி, இடக்கை எட்டுகிற இடம் பார்த்துக் கட்டினார். அது எனக்குத் தோன்றியிராது.

அடையாள அட்டை வர மாதக்கணக்காகியது, ஆனால் வந்தது. மச்சானுக்கு மன்னாரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. காணி இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. கிணறு எந்தப் பக்கம் வரும் என்பதில் அவர் மனைவிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவள் கோயில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிற ஞாயிறுகளில், வளவுக்குள் கிணற்றுப் பக்கம் நடக்கிறாளா என்று நான் பார்க்கத்தான் செய்கிறேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்க்கிறாள்.

கதவு போட்ட மறுநாள் மத்தியானம் நான் மருந்தைப் பற்றி என் கணவரிடம் ஏதோ நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் இடக்காலால் கதிரையை உந்தி அறைக்குள் போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். கதவு சத்தமில்லாமல் ஓடிவந்து என் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது. இரண்டு வருடத்தில் அவர் தானாக ஒரு கதவைச் சாத்தியது அன்றுதான். திறப்பாரென்று கொஞ்சநேரம் காத்து நின்றேன். திறக்கவில்லை. நான் குசினிக்குப் போய் மீனை வெட்டத் தொடங்கினேன்.