சந்தனத்துக்கு அடியில் ப்ராசஸர்

ஆயுத பூசையும் அதுவுமாக இன்று காலை, வெளியூரில் எங்கோ இருக்கும் எங்கள் வாடகை சர்வரில் ப்ராசஸர் விவரம் கேட்டு lscpu என்று தட்டினேன். போன வாரம் வரை x86_64 என்று வந்த முதல் வரியில் aarch64 என்று வந்தது. செலவு குறையும் என்று கம்பெனியில் யாரோ வேறு ரக ப்ராசஸருக்கு மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் புரோகிராம் அதில் ஓடாவிட்டால் யார் தலை உருளும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் சந்தனம் கரைத்தார்கள்.

அந்த வாசனைக்கு நான் திருச்செங்கோட்டுக்கே போய்விட்டேன். அங்கே ஒரு போர்வெல் லாரி ஆபீசில்தான் என் முதல் வேலை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவன் நான். கல்யாண வீட்டுக்குப் போனால் "தம்பி என்ன பண்றாப்புல?" என்று கேட்பார்களே என்று பந்தியில் கூட உட்காராமல் திரும்பியிருக்கிறேன். அதனால் அந்த வேலையைக் குரங்குப்பிடியாகப் பிடித்திருந்தேன்.

அந்த ஆபீசில் லாரியிலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் பூசை உண்டு. கணக்குப் பார்த்த பூங்கொடியக்கா சர்வருக்கும் தாராளமாகச் சந்தனம் அப்புவார், அதுவும் ப்ராசஸர் பெயர் போட்ட ஸ்டிக்கர் மேலேயே. பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. ஒரு வருசம் அந்த மறுநாள் காலையில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு லாரிகள் வடக்கே கிளம்ப நின்றன. நான் சர்வரைப் போட்டேன். வண்டிச் சாமான்களைப் பதியும் புரோகிராம் திறக்கவில்லை.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "வண்டில என்னென்ன ஏறியிருக்குதுன்னு பதியாம ஒண்ணும் நகராதுங்க. ஆகலீன்னா சொல்லிப்போடுங்க, பழையபடி கையிலயே எழுதிக்கலாம். இந்த மிசினே வேண்டாம்."

மிசினை மட்டும்தான் சொன்னார். என் காதில் என் பேரும் சேர்ந்து விழுந்தது.

புரோகிராம் எழுதிக் கொடுத்த சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். "ப்ராசஸர் என்ன டைப் சார்? சரி பண்றதுக்கு டைப்புக்கு ஒண்ணா ரெண்டு ஃபைல் இருக்கு. தப்பானதப் போட்டீங்கன்னா மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது" என்றார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். சந்தனத்தோடு எழுத்தும் உரிந்து வந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று திருகாணியில் கை வைத்ததும் அக்கா பதறிவிட்டார். "பூசை போட்டதக் கழட்டாதீங்க சாமி, மொதலாளியண்ணன் பாத்தா வைவாரு."

சர்வரிடமே ப்ராசஸர் பெயரைக் கேட்டு uname -p என்று தட்டினேன். unknown என்றது. தான் யாரென்று அதற்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? uname -m தட்டினேன். i686 என்றது. "அது பொதுப் பேரு சார், மாடல் வேணும்" என்றார் சென்னைக்காரர். வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கல்லூரியில் தூங்கி வழிந்த வகுப்பிலிருந்து cat /proc/cpuinfo எப்படியோ ஞாபகம் வந்தது. எழுத்துகள் சரசரவென்று ஓடின. நடுவே model name என்ற வரியில் முழுப் பெயரும் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் போனில் படித்தேன்.

ஃபைல் வந்தது, ஏற்றினேன், சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டேன். திரை கறுப்பாகவே நின்றது. அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே விசிறி சுற்றியது. ஏதோ உயிர் இருக்கிறது என்று ஒரு தைரியம். "ஏனுங்க இப்பிடிப் பெட்டியவே புடிச்சுட்டு நிக்கறீங்க? காப்பியாச்சும் குடிச்சீங்களா?" என்றார் அக்கா. புரோகிராம் திறந்தது. எல்லாம் பதிந்து முடிந்ததும் வெளியே பழங்கள் நசுங்கின. நான் அப்புறம்தான் காப்பி குடித்தேன்.

அந்த ஆபீசில் இப்போது சர்வரே கிடையாது, லாரிக் கணக்கெல்லாம் போனில். அக்காவும் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டார். எனக்கு மட்டும் அதே பயம். இந்த aarch64 சர்வர் எங்கேதான் இருக்கிறது என்று பக்கத்து மேசையில் கேட்டேன்.

"மும்பை பக்கம்னு போட்டிருக்குதுங்க. எந்த இடம்னு தெரியல" என்றவர் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "உங்க மிசினுக்கும் வெச்சிருங்க."

பழக்கதோசத்தில் விரலால் தொட்டு எடுத்துவிட்டேன். விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. வைக்கத்தான் இடம் தெரியவில்லை.